ஆவுளியாவைப் பார்த்தேன், படம் இல்லை – பாக் விரிகுடா பயணக் குறிப்பு

மழைக்காகம் | பிப்ரவரி 26, இரவு 9.40

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்த்தது ஆவுளியா, அதாவது கடற்பசு. படம் இல்லை, வீடியோவும் இல்லை. கேமரா பைக்குள் இருந்தது, பை பிளாஸ்டிக் உறைக்குள், உறை என் காலுக்கடியில். படமில்லாமல் "பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்" என்று எழுதுகிறவர்களை இங்கே நானே எத்தனை முறை ஓட்டியிருக்கிறேன் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். சனிக்கிழமை ஜாம்பவானோடையில் படகு ஏறி, கோரையாறு வழியாக முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் போனோம். அதைப் பற்றி இங்கே ஏற்கெனவே பத்து இழை இருக்கிறது, திரும்ப எழுதவில்லை. சேற்றில் நரித் தடம், தூரத்தில் வெள்ளைக் கோடாகப் பூநாரைக் கூட்டம், மற்றபடி கொசு. சாயங்காலம் மல்லிப்பட்டினம் பக்கம் வந்து, நண்பனுக்குத் தெரிந்த ஒரு மீனவர் வீட்டுத் திண்ணையில் படுத்தோம். கஜா புயலில் போன தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இப்போது காய்க்கத் தொடங்கியிருக்கின்றன.

ஞாயிறு விசைப்படகுகள் கடலுக்குப் போகாத நாள். அண்ணன் நண்டு வலை எடுக்கப் போவதாகச் சொன்னார். "சும்மா வாங்க தம்பி, வேடிக்கை பாருங்க" என்றார். நாலரைக்கு ஒரு கருப்பட்டிக் காப்பி, ஐந்து மணிக்கு பைபர் படகு. வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, கடல் குளம் மாதிரி கிடந்தது. ஒன்றரைப் பாகம் (ஒன்பது அடி போல) ஆழம்தான் என்றார். வெளிச்சம் வந்ததும் எட்டிப் பார்த்தால் அடியில் கடற்புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடப்பது தெரிந்தது.

இன்ஜினை நிறுத்திவிட்டு அவர் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது பின்னால் ஒரு மூச்சுச் சத்தம். ஓங்கல் (டால்பின்) விடுகிற சீறல் எனக்குத் தெரியும், தனுஷ்கோடியில் கேட்டிருக்கிறேன். இது அப்படியில்லை. தலைச்சுமையை இறக்கி வைத்த ஆள் விடுகிற மூச்சு. திரும்பினேன். இரண்டு படகு நீளத் தூரத்தில் தண்ணீருக்கு மேல் ஒரு மூக்கு, அது மட்டும்தான். மாட்டு மூக்கு மாதிரி தடித்து, ஆனால் ஓட்டைகள் இரண்டும் வானத்தைப் பார்த்தபடி. அந்த இரண்டு ஓட்டையும் ஒரு மூடி விழுவது போல மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அப்புறம் முதுகு. பழுப்பா சாம்பலா என்று சொல்ல முடியாத நிறம், மேலே வெள்ளைக் கீறல்கள். முதுகில் துடுப்பு இல்லை. அது உருண்டு போனதும் கடைசியில் வால் ஒரு நொடி எழுந்து இறங்கியது. சிதறல் கூட இல்லை.

மொத்தம் நாலைந்து நொடி இருக்கும்.

அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆவுளியா" என்றார். வலையை இழுத்துக்கொண்டே இருந்தார்.

இருபது நிமிடம் காத்திருந்தோம். கொஞ்ச தூரத்தில் தண்ணீர் கலங்கி, சேறு புகை மாதிரி மேலே வந்தது. மூக்கு மறுபடி வரவில்லை. "எந்திரிக்கும் தம்பி, ஆனா நம்ம பாக்குற எடத்துல எந்திரிக்காது" என்றார்.

நாலு மீட்டர் நீளம் இருக்கும் என்று நினைக்கிறேன். என் நண்பர்களில் ஒருவன் பக்கத்தில் இன்னொரு சின்ன முதுகையும் பார்த்ததாகச் சொல்கிறான். நான் பார்க்கவில்லை. ரயிலில் தஞ்சாவூர் வரை இதே சண்டை. மூன்றாமவன் அந்த நேரத்தில் நண்டிடமிருந்து விரலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

இடம்: [நீக்கியிருக்கிறேன், காரணம் கீழே பதிவுகளில்]

---

டீக்கடை பெஞ்சு | பிப்ரவரி 26, இரவு 9.58

படம் இல்லையா? அப்படியென்றால் நானும் இன்று காலை எங்கள் தெருமுனையில் பனிச்சிறுத்தையைப் பார்த்தேன்.

சரி சரி, அடிக்க வராதீர்கள். இதுதானே நீங்கள் பார்த்தது? [படம் இணைப்பு]

---

உப்புக்கொத்தி | பிப்ரவரி 26, இரவு 10.15

பெஞ்சு, நீங்கள் போட்டது புளோரிடா மனாட்டி. கடற்பசு என்று தமிழில் தேடினால் பாதிப் படங்கள் அதுதான் வருகிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மழைக்காகம், உங்களைப் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் சில கேள்விகள் இருக்கின்றன. பதில் எழுதும்வரை இணையத்தைத் திறக்காதீர்கள், பெஞ்சு போட்ட படத்தையும் பார்க்காதீர்கள்.

மூச்சு விடும்போது முதலில் வெளியே வந்தது தலையின் உச்சியா, மூக்கு நுனியா? வால் எப்படி இருந்தது, மட்டை மாதிரி வட்டமா, வேறு மாதிரியா? நாலு மீட்டர் என்பதை எதோடு ஒப்பிட்டுச் சொன்னீர்கள்? அதன்பின் அதே வழியில் அடிக்கடி மூச்சுச் சத்தம் கேட்டதா?

---

டீக்கடை பெஞ்சு | பிப்ரவரி 26, இரவு 10.19

எடுத்துவிட்டேன் சார். பரீட்சை ஹாலில் பிட் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

---

மழைக்காகம் | பிப்ரவரி 26, இரவு 10.50

உங்கள் கேள்வியைத்தான் முதலில் பார்த்தேன், படத்தைத் திறக்கவில்லை.

மூக்கு நுனிதான் முதலில். தலையின் உச்சி, கண், எதையும் நான் பார்க்கவில்லை. ஓட்டை இரண்டு. அது எனக்கு உறுதி, ஏனென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் மூடியதுதான் கண்ணிலேயே நிற்கிறது.

வால் வட்டம் இல்லை. பிறை மாதிரி, இரண்டு முனை, நடுவில் சின்னப் பள்ளம். படுக்கை வாட்டில் இருந்தது, மீன் வால் மாதிரி நிமிர்ந்து இல்லை.

நீளம்: மூக்கு எழுந்த இடத்திலிருந்து வால் எழுந்த இடம் வரை மனதில் கோடு போட்டேன். படகு இருபத்துநாலு அடி என்றார் அண்ணன், அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. எழுதும்போதுதான் உறைக்கிறது, அதற்குள் அது முன்னால் நகர்ந்திருக்கும் இல்லையா?

அடிக்கடி மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. ஒரே முறைதான்.

---

உப்புக்கொத்தி | பிப்ரவரி 27, காலை 7.05

நகர்ந்திருக்கும். அதனால்தான் நாலு மீட்டர். வளர்ந்த கடற்பசு பெரும்பாலும் மூன்று மீட்டருக்குள்தான் இருக்கும், எடை 400 கிலோ வரை போகும். பார்த்த நீளத்தில் கால்வாசியைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

இப்போது ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். முதுகில் துடுப்பு இல்லாத சாம்பல் நிற உயிர் என்றாலே கடற்பசு என்று முடிவு செய்துவிடக் கூடாது. நம் கடலில் முதுகுத் துடுப்பே இல்லாத, ஓங்கல் மாதிரியான சிறிய இனம் ஒன்றும் இருக்கிறது. அதுவும் சிதறல் இல்லாமல் உருண்டு போகும், தண்ணீரில் முதுகை மட்டும் பார்த்தால் அனுபவசாலியும் ஏமாறுவார். ஆனால் அதற்கு மூச்சுத்துளை ஒன்றே ஒன்று, அதுவும் தலை உச்சியில். கடற்பசுவுக்கு மூக்கு நுனியில் இரண்டு. சாவகாசமாக மூக்கை மட்டும் நீட்டும், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம். ஆமை என்றால் கூரான தலை, கழுத்தோடு நிமிரும்.

வால் பற்றிய கேள்வி ஒரு பொறி, மன்னியுங்கள். மனாட்டிக்கு வால் வட்டம், கடற்பசுவுக்குப் பிறை. இணையத்தில் படம் பார்த்து மனதில் நிரப்பிக்கொண்டவர்கள் பெரும்பாலும் "தோசைத் திருப்பி மாதிரி" என்று சொல்லி மாட்டிக்கொள்வார்கள். நீங்கள் பிறை என்றீர்கள்.

சேறு புகை மாதிரி எழுந்தது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியம். கடற்பசு புல்லை நுனி கடிப்பதில்லை. தடித்த மேலுதட்டால் வேரோடு சேர்த்துத் தோண்டிக்கொண்டே முன்னேறும். போன இடத்தில் ஏர் ஓட்டியது போல ஒரு சால் விழும், மேலே கலங்கல் வரும்.

நம்புகிறேன்.

---

மழைக்காகம் | பிப்ரவரி 27, காலை 7.22

ராத்திரி தூக்கமே வரவில்லை, இப்போது தூங்கப் போகிறேன்.

---

வாரக்கடைசி | பிப்ரவரி 27, காலை 11.30

சூப்பர் பதிவு ப்ரோ! மார்ச் இரண்டாம் வாரம் நாங்கள் பன்னிரண்டு பேர் கிளம்புகிறோம். ட்ரோன் இருக்கிறது. படகுக்காரர் எண்ணும் ஜி.பி.எஸ். புள்ளியும் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? பதிவில் ஊர்ப் பெயர் இருக்கிறது, ஆனால் சரியான இடம் தெரியவில்லை.

---

உப்புக்கொத்தி | பிப்ரவரி 27, காலை 11.48

மழைக்காகம், இடத்தின் பெயரை எடுத்துவிடுங்கள். இப்போதே.

வாரக்கடைசி, உங்களை மட்டும் சொல்லவில்லை. இந்தியா முழுவதும் சேர்த்தே சுமார் 200 கடற்பசுக்கள்தான் என்பது 2013-இல் வெளியான மதிப்பீடு. கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார், அப்புறம் நம் மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும், இவ்வளவுதான் அதன் உலகம் இந்தியாவில். பெண் பருவத்துக்கு வரவே ஆறிலிருந்து பதினேழு வருடம் ஆகலாம். பதிமூன்று பதினாலு மாதம் சுமந்து ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று வருடமும் ஆகும், ஏழு வருடமும் ஆகும். பாலூட்டுகிற தாயைப் படகால் துரத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1-இல் இருக்கிற விலங்கு, சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு அதற்கு.

---

வாரக்கடைசி | பிப்ரவரி 27, மதியம் 12.10

துரத்தப் போவதாக யார் சொன்னது? ட்ரோன் மேலே பறந்தால் கீழே இருக்கிற மாட்டுக்கு என்ன? ஆராய்ச்சியாளர்கள் ட்ரோன் வைத்துத்தானே எண்ணுகிறார்கள்? நீங்கள் பார்க்கலாம், நாங்கள் பார்க்கக் கூடாதா? இந்தக் குழுவில் எப்போதும் இந்த மேட்டிமைதான்.

---

நண்டுவலை | பிப்ரவரி 27, இரவு 8.30

கணக்கு ஆரம்பித்து மூன்று வருடம், இதுதான் என் முதல் பதிவு. எனக்கு அந்தக் கரைதான் ஊர். அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார். நான் திருப்பூரில் வேலை.

இடத்தை ரகசியம் ரகசியம் என்று இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறீர்கள். எங்கள் ஊரில் பத்து வயதுப் பையனுக்கும் தெரியும் எந்தப் புல் படுகையில் ஆவுளியா மேயும் என்று. கடலில் அதற்கு விலாசம் இருக்கிறது. ஆனால் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. வலை விடப் போனால் அது தென்படும், அவ்வளவுதான். அந்த அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், படித்துச் சிரித்தேன். எங்கள் அப்பாவும் அப்படித்தான். மாடு தெருவில் போனால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகம் என்று அரசு அறிவித்தபோது எங்கள் பக்கம் பயந்தார்கள். கோடு போட்டு எங்களை வெளியே தள்ளுவார்கள் என்று பேச்சு. மீன்பிடிக்குப் புதிதாகத் தடை எதுவும் இல்லை என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. இப்போது வனத்துறையினர் வந்து பேசுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் படம் காட்டுகிறார்கள். வலையில் மாட்டினால் அறுத்து விடுங்கள் என்கிறார்கள். விடுகிறார்கள். ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள், வலை அறுப்பது என்றால் நீங்கள் வாசிக்கிற மாதிரி ஒரு வரி இல்லை.

அப்பா ஒருமுறை விட்டிருக்கிறார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு, லீவுக்குக் கூடப் போயிருந்தேன். விடியலுக்கு முன், வலை இழுக்க வரவில்லை. திருக்கை என்று நினைத்தோம். அருகில் போனால் அது. வலையைச் சுற்றிக்கொண்டு மூக்கை மேலே கொண்டுவர முடியாமல் முட்டிக்கொண்டிருந்தது. அது மீன் இல்லையே, மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், விட்டால் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். சித்தப்பா கயிற்றைப் பிடித்து மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அப்பா தண்ணீரில் இறங்கிக் கத்தியால் அறுத்தார். பக்கவாட்டுத் துடுப்புக்கு அடியில், நம் அக்குளில் இருக்கிற மாதிரி, அதற்கு முலை இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "குட்டி எங்கயோ நிக்கிது, சீக்கிரம்" என்று சித்தப்பாவிடம் கத்தினார். அந்த வலை வட்டிக்கு வாங்கியது. அறுத்து விட்ட பிறகு கரை வரும்வரை யாரும் ஒன்றும் பேசவில்லை. வீட்டில் அம்மா வலையைப் பார்த்துவிட்டு அழுதார்கள், அப்புறம் சோறு போட்டார்கள்.

பன்னிரண்டு பேர் வருகிறேன் என்கிற தம்பிக்கு: வாருங்கள். காரங்காட்டில் ஊர்க்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து படகு விடுகிறார்கள், கயாக் இருக்கிறது, அலையாத்தி, கடற்புல், பறவை எல்லாம் காட்டுவார்கள். நண்டுக் குழம்பும் கிடைக்கும். ஆவுளியா கேட்டு வராதீர்கள். கேட்டால், காட்டுகிறேன் என்று சொல்லிக் காசு வாங்க எங்கள் ஊரிலும் ஆள் கிளம்புவான். ஓங்கலைக் காட்டுகிறேன் என்று கூட்டத்துக்கு நடுவே படகை விட்டு வட்டமடித்ததை வேறு ஒரு கடற்கரையில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

---

வாரக்கடைசி | பிப்ரவரி 27, இரவு 9.12

அண்ணா, இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுகிறேன். காரங்காடு எண் மட்டும் எப்படிக் கிடைக்கும்?

---

நண்டுவலை | பிப்ரவரி 27, இரவு 9.20

ராமநாதபுரத்தில் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். காலையில் போங்கள், வெயில் ஏறினால் காய்ந்துவிடுவீர்கள்.

---

கீழக்கரைப் பேத்தி | பிப்ரவரி 28, காலை 6.40

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வாப்பும்மா (அப்பாவின் அம்மா), சின்ன வயதில் ஆவுளியாக் கறி சாப்பிட்டிருக்கிறார். அவர் காலத்தில் அது கடற்கரையில் விற்ற சாமான்தான். மாட்டுக்கறியைவிட மெத்தென்று இருக்கும், கொழுப்பு அதிகம், அதன் எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று வைத்திருந்தார்களாம். சட்டம் 1972-இல் வந்தது. ஆனால் கறி அன்றைக்கே நின்றுவிடவில்லை, மூடி மறைத்து நடந்தது என்று அவரே சொல்வார்.

அவர் அடிக்கடி சொல்கிற இன்னொன்று, அதை அறுக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வடியும் என்பது. அழுகிறது என்று நினைத்துச் சிலர் சாப்பிடவில்லை, சிலர் அதையும் துடைத்து மருந்துக்கு வைத்துக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வார்.

---

இலைவெட்டி | பிப்ரவரி 28, காலை 9.15

பெருமையாக எழுதுகிற விஷயமா இது? படித்ததும் வயிறு கலங்கிவிட்டது.

---

உப்புக்கொத்தி | பிப்ரவரி 28, காலை 9.40

பெருமையாக எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. முன்பு எவ்வளவு இருந்தன என்பதை ஊர்ப் பெரியவர்கள் சொல்லித்தான் நாம் ஊகிக்க முடியும், அவர்கள் வாயை அடைத்தால் அதுவும் போய்விடும். ஆர்வமாக ஒன்று: கண்ணீர் என்பது கண்ணைக் காப்பதற்காகச் சுரக்கிற பிசுபிசுப்பு. தண்ணீருக்குள் தெரியாது, வெளியே தூக்கினால் வழியும்.

இலைவெட்டி, கலங்குவதற்கு வேறொன்று இருக்கிறது. இதே குடும்பத்தில் வட பசிபிக்கில் ஒரு பெரிய கடற்பசு இருந்தது, ஸ்டெல்லர் கடற்பசு. 1741-இல் கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கியவர்கள் கண்டு எழுதினார்கள். 1768-க்குள் தின்று தீர்த்துவிட்டார்கள். இருபத்தேழு வருடம்.

---

மன்னார்த்தீவு | பிப்ரவரி 28, இரவு 7.55

வணக்கம் உறவுகளே. நான் மன்னார், இப்போது கனடாவில். எங்கட பக்கமும் ஆவுளியா என்றுதான் சொல்வம், கடற்பன்றி என்றும் சில ஆட்கள் சொல்வினம். புல் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ஒன்றுதானே, அதுக்கு எல்லைக்கோடு தெரியாது. கோட்டைத் தாண்டிவந்து பிடிபடுகிற ஒரே ஜீவன் மீனவன்தான்.

நான் சின்னனில் அப்பாவோட வள்ளத்தில் போகேக்க ஒருதரம் கண்டனான். உங்கள் பதிவில் மூக்கு மூடுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அதை வாசித்தவுடன் எனக்கு நாற்பது வருடம் பின்னுக்குப் போய்விட்டது. நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை, சொல்ல ஒரு சொல்லும் இருக்கேல்ல. மூடி விழுகிற மாதிரி. அதுதான்.

---

டீக்கடை பெஞ்சு | பிப்ரவரி 28, இரவு 8.20

கடற்கன்னிக் கதைக்கெல்லாம் இதுதான் மூலம் என்று ஒரு பதிவு போடலாம் என்று வந்தேன். இந்த இழையில் அதைப் போட்டால் அடி விழும் போலிருக்கிறது. போகிறேன்.

ஒரே ஒரு நிஜ சந்தேகம். கடற்புல் என்றால் கடற்பாசிதானே?

---

உப்புக்கொத்தி | பிப்ரவரி 28, இரவு 8.45

இல்லை. பாசிக்கு வேரும் கிடையாது பூவும் கிடையாது. கடற்புல்லுக்கு வேர், இலை, பூ, விதை எல்லாம் உண்டு, தரையிலிருந்து கடலுக்குத் திரும்பிப் போன செடி அது. கடற்பசுவும் அப்படித்தான், தரையில் அதன் கிட்டத்துச் சொந்தம் யானை. இரண்டும் கரையை விட்டுவிட்டு அங்கே போய்ச் சந்தித்துக்கொண்டன.

ஒரு நாளைக்கு நாற்பது கிலோ வரை மேயும். புல் போனால் அதுவும் போகும். அடியைச் சுரண்டிக்கொண்டு போகிற இழுவை மடி வலைதான் புல்லுக்கு எமன். ஞாயிற்றுக்கிழமை, விசைப்படகு இல்லாத நாளில் மழைக்காகத்துக்கு அது தென்பட்டதில் ஆச்சரியமில்லை. கடல் அமைதியாக இருந்ததும் காரணம். பாக் விரிகுடாவை ராமேஸ்வரத்தில் பெண் கடல் என்பார்கள், மன்னார் பக்கத்தை ஆண் கடல். வாடைக்காற்றுக் காலத்தில் அந்தப் பெண் கடலும் அமைதியாக இருக்காது.

மழைக்காகம், நீங்கள் பார்த்ததை முறையாகப் பதிவு செய்யுங்கள். 2016-இல் இந்திய வனவிலங்கு நிறுவனம் கடற்பசு மீட்புத் திட்டம் தொடங்கியது, மீனவர்கள் சொல்கிற தகவல்களையும் சேகரிக்கிறார்கள். வனத்துறை வழியாக அனுப்பலாம்.

---

நெறியாளர் | மார்ச் 1, காலை 10.00

இடம் கேட்டு வந்த நாலு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மற்ற விவாதம் தொடரலாம்.

---

மழைக்காகம் | மார்ச் 19, இரவு 10.10

தாமதத்துக்கு மன்னிக்கவும். பதிவு செய்துவிட்டேன். தொலைபேசியில் பேசியவர் உப்புக்கொத்தி கேட்ட அதே கேள்விகளை ஏறக்குறைய அதே வரிசையில் கேட்டார். நான் கடகடவென்று பதில் சொன்னேன், "ஏற்கெனவே யாரோ கேட்டுவிட்டார்களா?" என்றார். நீளம் "மூன்று மீட்டருக்குள்" என்று சொன்னேன். அன்று எழுதிய நாலு மீட்டரை முதல் பதிவில் திருத்தவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

எத்தனை என்று ஒரு கேள்வி இருந்தது. ஒன்று என்றேன். நண்பன் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனிடமும் போனைக் கொடுத்தேன், அவன் பார்த்ததை அவனே சொன்னான்.

அப்புறம் அந்த அண்ணனுக்கும் போன் செய்தேன். நண்டு விலை இறங்கிவிட்டது என்று பத்து நிமிடம் பேசினார். நடுவில் கேட்டேன்: அண்ணே, அன்னைக்கு ஒண்ணா ரெண்டா?

"ரெண்டு தம்பி. குட்டி அந்தப் பக்கமா முதுகுல ஒட்டிக்கிட்டு வந்துச்சு."

நீங்க திரும்பியே பார்க்கலையே அண்ணே என்றேன்.

"நீங்க பாக்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ எந்திரிச்சுச்சு. நீங்கள்லாம் நண்டு பாத்துக்கிட்டு இருந்தீங்க."

மறுநாள் மறுபடி வனத்துறைக்குப் பேசி அதையும் சேர்க்கச் சொன்னேன். என் பெயருக்கு நேரே இன்னும் ஒன்று என்றுதான் இருக்கிறது.